செவிலிமேட்டு வான்கோழி வேட்டை

எங்கள் தெரு ஆண்கள் மூன்று மழைக்காலங்கள் வான்கோழி வேட்டையாடினார்கள். வேட்டை என்றதும் காட்டையும் மலையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். செவிலிமேட்டில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் பாலாறு. ஆறு என்பது பெயருக்குத்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல், மணல் இல்லாத இடத்தில் சீமைக்கருவேல முள். அந்த முள்ளுக்குள் ஒரே ஒரு வான்கோழி இருந்தது. அதைப் பிடிக்கத்தான் ஏழெட்டு ஆண்கள், ஒரு ஏர்கன், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், ஒரு வாட்ஸ்அப் குரூப். குரூப்பின் முகப்பில் சிங்கத்தின் படம்.

நான் அந்தத் தெருவில் ஜாக்கெட் தைக்கிறவள். பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரத்துக்கு வருகிற கல்யாணப் பெண்களுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை போட்ட ஜாக்கெட் தைத்துத் தருகிறேன். வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின், துணியை இழுத்துக் கட்டுகிற ஒரு மரச்சட்டம். காலை முதல் சாயந்திரம் வரை குனிந்தே இருக்கிற வேலை. அப்படிக் குனிந்து கிடக்கிறவளுக்கு, தெருவில் நிமிர்ந்து நின்று கதை பேசுகிறவர்கள் மேல் ஓர் இளக்காரம் வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

வான்கோழி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருக்கோடியில் புதிதாக மாடி வீடு கட்டி ஒருவர் குடிவந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் அதட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. அந்தக் குறைக்காகத்தான் ஆறு வான்கோழிகள் வாங்கினார் என்று இன்றுவரை நான் நம்புகிறேன். தினமும் காலையில் பனியனோடு கொட்டகை முன்னால் நின்று, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுப்பதுபோல் எண்ணுவார். பால் வாங்கப் போகிற பெண்களை நிறுத்தி, வான்கோழிக் கறியில் கொழுப்பே கிடையாது என்று பாடம் நடத்துவார்.

வான்கோழிகளை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் மெயின் ரோட்டில் கோழிக்கடை வைத்திருக்கிற பாய். கொட்டகைக்குக் கட்டிய கம்பி வலையைப் பார்த்துவிட்டு, இது குஞ்சுகளுக்குக் கட்டுகிற வலை, தெருநாய் ஒரே இழுப்பில் இழுத்துவிடும் என்று பாய் சொல்லியிருக்கிறார். கோழிக்கடைக்காரர் சொல்லி ஓர் அதிகாரி கேட்பதா? ஒரு மழைநாள் விடியலில் நாய்கள் வந்தன. நான்கு வான்கோழிகள் செத்தன. மிச்சம் இரண்டும் காம்பவுண்டு சுவருக்கு மேலே எழும்பி ஆற்றுப் பக்கம் பறந்துபோயின. வான்கோழி பறக்கும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தப்பிய இரண்டில் பெட்டை அடுத்த கோடைக்குள் காணாமல் போயிற்று. சேவல் மட்டும் முள்ளுக்குள் தங்கிவிட்டது. விடிகாலையில் அதன் குரல் எங்கள் வீடு வரை கேட்கும், நிறைகுடத்தைக் கவிழ்த்துவிட்டதுபோல் களகளவென்று. அதிகாரி தெருவில் நின்று, அது இனிமேல் தனக்கு வேண்டாம், பிடிக்கிறவன் வைத்துக்கொள்ளட்டும் என்று அறிவித்தார். கைக்கு எட்டாததைத் தானம் செய்கிற பெருந்தன்மை அவருக்கு இருந்தது.

அதைக் கேட்டு முதலில் கிளம்பியவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்புகிறவர் என்பதால், ஊரே தன்னால்தான் நிற்கிறது என்று நினைப்பு. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். மரியாதை அந்த வார்த்தையோடு சரி. அவர் ஆன்லைனில் ஏர்கன் வரவழைத்தார். கூடவே இலை இலையாக அச்சடித்த பேன்ட், சட்டை, தொப்பி. ஆற்றில் இருப்பதோ வெளுத்த மணலும் சாம்பல் பூத்த முள்ளும். அந்தப் பச்சைச் சட்டையோடு அவர் மணலில் இறங்கினால் பாலத்தில் போகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்களுக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் அண்ணனைப்போல் சத்தம் போடுகிறவர் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருவார். அவருடைய வியாதி வேறு. எதையாவது ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். கட்டிலுக்கு அடியில் காளான் வளர்த்தார்; அது பூசணம் பிடித்துப் படுக்கையெல்லாம் நாறியது. கீபோர்டு கற்றுக்கொள்கிறேன் என்று ஒன்று வாங்கினார். அது இப்போது என் நூல்கண்டுகளுக்கு அலமாரி. இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்தார். ‘ஹவ் ஆர் யூ’ வரை போனார்.

இப்படிப்பட்டவருக்கு அமெரிக்க வான்கோழி வேட்டை வீடியோ கிடைத்தால் என்ன ஆகும்? சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பார். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். வாய்க்குள் எதையோ வைத்து ஊதிப் பெட்டைக்கோழிபோல் கத்துவார்கள். அங்கே இதற்கென்றே ஒரு பருவம் உண்டாம், அரசாங்கமே நாள் குறிக்குமாம். நம் ஊரில் மழை விட்டு விட்டுப் பெய்கிற கார்த்திகை மாதந்தான் அதற்குச் சரியான பருவம் என்று இவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகள். ஆலயத்தில் ஆராதனை முடிந்ததும் வேதப்புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வேட்டைக்குப் போகலாம். தேவனும் கோபித்துக்கொள்ள மாட்டார், கம்பெனியும் கோபித்துக்கொள்ளாது.

முதல் வருஷம் பாயையும் கூட்டிக்கொண்டு போனார்கள், கோழி விஷயம் தெரிந்தவர் என்று. அன்றைக்கு நடந்ததைப் பாய்தான் கடையில் வைத்து என்னிடம் சொன்னார். முள்ளுக்குள் ஏதோ அசைந்ததும் அண்ணன் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்திருக்கிறார். பாய் குழலைக் கையால் தட்டிவிட்டார். குண்டு எங்கேயோ போய், கரையில் நிறுத்தியிருந்த அண்ணனுடைய பைக்கின் கண்ணாடியை உடைத்தது. முள்ளுக்குள்ளிருந்து நடந்து வந்தது பெண் மயில்.

“நான் மட்டும் தட்டலன்னா உங்க மாமா இந்நேரம் ஜெயில்ல இருப்பாரு” என்றார் பாய். “பெரிய ஷிகாரிங்கமா, வேட்டைக்காரரு.”

அதற்குப் பிறகு பாய் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் திரும்பி வருகிற வழியில் அவர் கடையில் மூன்று கிலோ பிராய்லர் வெட்டிக்கொண்டு வந்தார்கள். அதை மிளகு போட்டு வறுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. தோற்றுப்போய் வந்தவர்கள் எலும்பைக் கடித்துக்கொண்டே, இன்றைக்குக் காற்று எதிர்ப்பக்கம் அடித்துவிட்டது என்று பேசுவார்கள். கூண்டில் வளர்ந்து, நடக்கவே தெரியாமல் செத்த கோழியைத் தின்றுகொண்டு காற்றைப் பற்றிப் பேச என்ன ஒரு தைரியம் வேண்டும்.

இரண்டாம் வருஷம் ஸ்பீக்கர். வான்கோழி கத்துகிற சத்தத்தை போனில் இறக்கி, ஸ்பீக்கரை முள்ளுக்கு நடுவே வைத்துவிட்டு மணலில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வான்கோழி உண்மையாகவே வந்தது. தன் இடத்தில் இன்னொருவன் கத்துகிறானே என்று கோபத்தோடு வந்து ஸ்பீக்கரை உதைத்தது. சுட வேண்டியதுதானே? எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்து வீடியோ பிடிக்க எழுந்து நின்றார்கள். அது தலைக்கு மேலே பறந்து எதிர்க்கரைப் பனைமரத்துக்குப் போய்விட்டது. அந்த வீடியோவை நானும் பார்த்தேன். ஆறு முதுகுகள், ஒரு தொப்பி, கொஞ்சம் வானம். அண்ணன் மட்டும் அதன் இறக்கை ஷாமியானா அகலம் இருந்தது என்று ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருஷம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கார்த்திகை முகூர்த்தத்துக்கு வேலை குவிந்து கிடந்தது. ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் அளவு பார்க்க வந்து முன்னறையில் நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது இவர் வந்து, பழுப்பு நிறத்தில் வெட்டுத்துணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எதற்கு என்றேன். தெர்மாக்கோலில் பெட்டை வான்கோழி செய்யப் போகிறாராம், அதற்குத் துணி சுற்றவேண்டுமாம், அமெரிக்காவில் அப்படித்தான் செய்கிறார்களாம்.

ஆட்களுக்கு முன்னால் நான் அவரை ‘நீங்க’ என்றுதான் பேசுவேன். வீட்டுக்குள் இருவர் மட்டும் இருக்கையில்தான் ‘நீ’. அன்றைக்கு அந்த வித்தியாசம் மறந்துபோயிற்று. மறந்தது என்று சொல்வதுகூடப் பொய். தெரிந்துதான் சொன்னேன்.

“நீ இது வரைக்கும் ஒரு காரியமாவது முடிச்சிருக்கியா? பாய் கடையில கால் கட்டிப் போட்ட கோழிய அவுத்துவுட்டாக்கூட உன்னால புடிக்க முடியாது.”

கல்யாணப் பெண்ணின் அம்மா சிரித்துவிட்டார். பெண் சிரிக்காமல் துணியைப் பார்த்தாள். இவர் கையில் எடுத்திருந்த வெட்டுத்துணியை மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனார். அந்த மடிப்புக்கூட நேராக இல்லை என்று அப்போது தோன்றியது எனக்கு. அந்த அளவுக்கு இளக்காரத்தோடு இருந்தேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்து கூப்பிட்டபோது தலைவலி என்று படுத்துக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஒரு வழியாகப் புத்தி வந்தது, என் வாய்தான் மருந்து என்று நான் பெருமைப்பட்டேன். அண்ணன் மனைவியான என் ஓர்ப்படியிடம்கூட அதைச் சொன்னேன்; நீயும் உன் வீட்டுக்காரரை நாலு பேர் முன்னால் ஒரு தடவை கேட்டுப் பார் என்று யோசனை வேறு.

ஆனால் அவர் பேன்ட் மடிப்பில் மணல் வந்துகொண்டிருந்தது. துவைக்கிறவளுக்குத் தெரியாதா? அடுக்களையில் கம்பு டப்பா வேகமாகக் குறைந்தது. ஷிப்ட் இல்லாத நாட்களில் விடிவதற்குள் எழுந்து, நான் காபி போடுவதற்கு முன்னால் கிளம்பிப்போய்விடுவார். கேட்டால் வாக்கிங் என்பார். எதிர்வீட்டுக்காரி, எதற்கும் ஒரு கண் வைத்துக்கொள் என்று இழுத்துப் பேசினாள். எனக்கு அந்தச் சந்தேகம் ஒரு நிமிஷம்கூட வரவில்லை. காளான் வளர்த்த மனிதரை நம்பி வருகிற அளவுக்கு எந்தப் பெண்ணுக்கும் கெட்ட காலம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் ஏதோ முடிக்காத காரியம், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கே கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்துவிட்டார். ஓடிபி நம்பர் சொன்னால்தான் சிலிண்டரை இறக்குவேன் என்று வாசலில் நின்றார். நம்பர் இவர் போனுக்குத்தான் வரும். போன் செய்தால் சுவிட்ச் ஆப். வீட்டில் பழைய சிலிண்டர் முந்தின நாளே தீர்ந்துவிட்டது. சிலிண்டர்காரரைப் பக்கத்துத் தெருவுக்குப் போட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டு, நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு நடந்தேன். வழியெல்லாம் என்னென்ன கேட்கவேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஆற்றில் அந்த வாரம் பெய்த மழையில் அங்கங்கே குட்டை தேங்கியிருந்தது. ஈரமணலில் அவர் செருப்புத் தடம் தெளிவாக இருந்தது. தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். முள் இரண்டாகப் பிரிகிற ஓர் இடத்தில், ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பழைய காக்கிச் சட்டை, சாம்பல் லுங்கி. இலைச் சட்டையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. இடது முன்கையில் ஒரு மீன் வலை மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. அடியில் ஈயக்குண்டு கோத்த, ஏரியில் வீசிப்போடுகிற வலை. அது எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே உள்ளங்கையை மட்டும் தரையை நோக்கிக் காட்டினார், உட்கார் என்று. அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அப்படி ஒரு கையசைவை அவரிடம் நான் பார்த்ததில்லை. ஏன் என்று தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

எறும்பு கடித்தது. ஈரம் நைட்டியில் ஏறியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பாலத்தில் நாலைந்து பஸ் போயிருக்கும். அவர் அசையவே இல்லை. வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தாலும் ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறவர். மணலில் அவர் தூவியிருந்த கம்பு எனக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. ஒரு கோடுபோல முள்ளிலிருந்து கிளம்பி, எங்களுக்கு முன்னால் பத்தடியில் சின்னக் குவியலாக முடிந்தது. அதைச் சுற்றி மணலெல்லாம் பெரிய பெரிய கோழிக்கால் தடம், பழையதும் புதியதும். பல நாட்களாக அது வந்து தின்றுபோயிருக்கிறது. அவர் பல நாட்களாக, வலையை வீசாமல், சும்மா உட்கார்ந்து திரும்பியிருக்கிறார்.

பிறகு அது வந்தது.

அதிகாரி வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன், அழுக்குப் பிடித்த பெரிய கோழியாக. இது வேறு. முள்ளைத் தாண்டி வெளியே வந்து, தலையைத் தூக்கி, ஒரு காலை மடித்துக்கொண்டு நின்றது. வெயில் பட்டதும் முதுகெல்லாம் செம்பும் பச்சையுமாக மாறி மாறி அடித்தது. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த பட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்களே, அப்படி. கழுத்தில் தொங்கிய சதை சிவப்பாக இருந்து நீலமாக மாறியது. மார்பிலிருந்து ஒரு கற்றைக் கறுப்பு முடி குதிரைவால்போல் தொங்கியது. அது ஓர் அடி வைத்துக் கம்பைக் கொத்தியது. இன்னோர் அடி வைத்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். இருமவேண்டும் என்று தோன்றியது. தொண்டையில் இருமல் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தடவை இருமினால் போதும், அது பறந்துவிடும். இவர் வெறுங்கையோடு எழுந்து நிற்பார். நான் அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு முன்னால் சொன்னது சொன்னபடி நிற்கும். கல்யாணமான பதினாறு வருஷமாக நான் சொல்லி வந்ததெல்லாம் நிற்கும். தெருவில் எத்தனையோ பேரை நான் அற்பம் என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மணலில் உட்கார்ந்திருந்தவளைவிட அற்பமான ஆளைப் பார்த்ததில்லை. வாய்வரை வந்துவிட்டது. துப்பட்டாவைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

அவர் எழுந்ததை நான் பார்க்கவில்லை. உட்கார்ந்தவர் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். இடுப்பு ஒரு பக்கம் திரும்பியது, கை வீசியது, வலை காற்றில் வட்டமாக விரிந்தது. தட்டுப்போல் முழு வட்டம். ஈயக்குண்டுகள் நாலா பக்கமும் ஒரே நேரத்தில் மணலில் விழுந்தன. உள்ளே வான்கோழி.

அதற்குப் பிறகு நடந்தது அழகாக இல்லை. அது வலையோடு எழும்பி எழும்பி அடித்தது. இவர் மேலே விழுந்து அமுக்கினார். சேவல் காலின் பின்பக்கம் இருக்கிற கூர்முள் இவர் முன்கையைக் கிழித்து இரத்தம் கொட்டியது. நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே ஓடிப்போய்த் துப்பட்டாவை அதன் தலையைச் சுற்றி மூடி இறுக்கிப் பிடித்தேன். கண் மறைந்ததும் அது சட்டென்று அடங்கிவிட்டது. கையின் கீழே அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் தெரிந்தது.

“வலை போட எங்க கத்துக்கின?” என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“சின்ன வயசுல மழ வந்தா ஏரித் தண்ணி வழியிற கலங்கல்ல இதான் வேல. ஸ்கூலுக்கே போனதில்ல அந்த மாசம்” என்றார். வலையைக் கம்பெனியில் கூட வேலை செய்கிறவரிடம் இரவல் வாங்கிக் கரையோரத்துப் பம்புசெட்டில் ஒளித்து வைத்திருந்தாராம். பதினாறு வருஷத்தில் இது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

கால்களை வலைக் கயிற்றால் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தோம். தெரு திரண்டுவிட்டது. அண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர், பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். திரும்பி வரும்போது இலைச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தார். ஒரு கையில் ஏர்கன், மறு கையில் தலைகீழாக வான்கோழி. ஐந்து நிமிஷத்தில் படம் குரூப்பில் ஏறியது, கீழே ‘மூன்று வருட உழைப்பு’ என்று. அதிகாரியும் வந்தார். சட்டப்படி பார்த்தால் பறவை தன்னுடையது, ஆனாலும் பெரிதுபடுத்த விரும்பவில்லை என்றார். யாரும் அவரைப் பெரிதுபடுத்தச் சொல்லவில்லை. இவர் கைக்காயத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் அவர் இல்லை. வலையும் இல்லை.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் நின்று நர்ஸம்மாவிடம் போனதும், என்ன காயம் என்று கேட்டார்.

“கோழி கீறிடுச்சு” என்றார் இவர்.

நர்ஸம்மா பக்கத்திலிருந்த இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தார். கோழியிடம் அடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் பார் என்பது போன்ற சிரிப்பு. எனக்கு நன்றாகப் பழக்கமான சிரிப்பு.

“கோழி இல்ல, வான்கோழி” என்றேன். “பதினஞ்சு கிலோ. எட்டு ஆளுங்க துப்பாக்கி வெச்சினு மூணு வருஷம் அலைஞ்சும் கிடைக்கல. இவரு தனியா வலை போட்டுப் புடிச்சாரு. நீங்க ஊசி போடுங்க.”

உண்மையில் அது எட்டு கிலோதான் இருக்கும். நர்ஸம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு ஊசியை எடுத்தார்.

தையல் போட்ட பிறகு மாத்திரைக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தேன். நல்ல வார்த்தை எனக்கு வராது. பழக்கம் இல்லை. தையல் போட்டவர் சரியாக இழுத்துக் கட்டவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் கட்டைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

“நீ இருமிடுவியோன்னு நெனச்சேன்.”

மருந்துக் கவுன்ட்டரில் நம்பர் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு, அது எத்தனை வேளை என்று தேவையில்லாமல் இரண்டு தடவை கேட்டேன். பெஞ்சுக்குத் திரும்ப அவ்வளவு சீக்கிரம் மனம் வரவில்லை. இவருக்குத் தெரிந்திருக்கிறது. பறவையையும் பார்த்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்துக்கொண்டுதான் அந்த வலையை வீசியிருக்கிறார். திரும்பிப் போய் உட்கார்ந்தபோது இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

வான்கோழியை அண்ணன் வீட்டில் கட்டி வைத்துக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அறுத்தார்கள். பாய்தான் வந்து அறுத்துக் கொடுத்தார். தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, இது வெளியே ஓடி முறுக்கேறிய உடம்பு, பப்பாளிக்காய் அரைத்துப் போட்டு ஊறவைத்தாலும் எளிதில் வேகாது என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஓர்ப்படியும் நானும் குக்கரில் விசில் எண்ணுவதையே விட்டுவிட்டோம்.

பண்டிகை அன்றைக்கு மதியம் வாசலில் ஷாமியானா போட்டு, சொந்தக்காரர்களும் ஆலயத்து ஆட்களும் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். அண்ணன் நடுவில் நின்று வேட்டைக் கதையை ஆரம்பித்தார். விடியலில் நாங்கள் மூன்று பக்கமும் வளைத்தோம், நான் சைகை காட்டினேன், தம்பி வலையை வீசினான் என்று போய்க்கொண்டிருந்தது. தம்பிக்குக் கதையில் ஒரு சின்ன இடம் கொடுத்திருந்தார், கூலியாள் மாதிரி. இவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கட்டு போட்ட கையை மடியில் வைத்திருந்தார்.

நான் குழம்பு வாளியோடு பந்தியில் நின்றிருந்தேன்.

“மாமா, அன்னிக்கு நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க” என்றேன். “எந்திரிச்சு வந்து சட்ட மாத்திக்கினு போட்டோ எடுத்தீங்க. வளைச்சது, உக்காந்தது, புடிச்சது எல்லாம் இவருதான். கூட நான் இருந்தேன்.”

அண்ணன் முகம் சுருங்கியது. ஷாமியானாக்காரருக்கு எதையும் சமாளிக்கத் தெரியும். சிரித்துவிட்டார்.

“இன்னாமா, உனக்கு எப்பவும் வாய்தான்” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். ஜனங்களும் தொடர்ந்து கேட்டார்கள். அவர் சொன்னதில் மூன்று பக்கம் வளைப்பது, சைகை எல்லாம் இருந்தது. நான் சொன்னதில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். நாற்பது பேரில் ஒருவர்கூட இவரைத் திரும்பிப் பார்த்து, எப்படிப் பிடித்தாய் என்று கேட்கவில்லை. பிள்ளைகளின் மார்க்கையும் யார் யாருக்கு எங்கே வீட்டுமனை என்பதையும் மணிக்கணக்கில் விசாரிக்கிற ஜனங்கள்.

இவர் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமா இல்லையா என்று சொல்ல முடியாத பார்வை. ‘விடும்மா’ என்பதுபோல் இலைப்பக்கம் கண்ணைத் தாழ்த்தி, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். பந்தி முடிந்ததும் நான் என் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாய் சொன்னது சரிதான். கறி வேகவே இல்லை. பாதிப் பேர் இலையில் அப்படியே வைத்துவிட்டுப் பாயசத்துக்குப் போயிருந்தார்கள். இவர் கை கழுவிவிட்டு வந்து, என் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் என் பங்கை எலும்பு வரை கடித்துத் தின்று முடித்தேன். தாடை இரண்டு நாள் வலித்தது.